எட்டத்தில் ஒரு பிரதி

பேக்கப் என்ற சொல்லை நம் ஊர்ச் சிறுதொழில்காரர்கள் மின்வெட்டிடமிருந்துதான் கற்றார்கள். இன்வெர்ட்டர் கடையில் நின்று "எத்தனை மணி நேரம் பேக்கப் வரும்?" என்று கேட்டுக் கேட்டு நாக்கில் படிந்த சொல் அது. அதனால், ஒரு லேத் பட்டறையிலோ அச்சகத்திலோ உட்கார்ந்துகொண்டு "பேக்கப் வைத்திருக்கிறீர்களா?" என்று நான் கேட்கும்போது, எதிரில் இருப்பவர் மேசைக்கடியில் முனகிக்கொண்டிருக்கும் யு.பி.எஸ். பெட்டியைக் காலால் தொட்டுக் காட்டினால் அதில் ஆச்சரியமில்லை. இல்லை சார், கரண்டைச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன் என்று திருத்தும்போது, ஒரு பெரியவரின் பேச்சில் குறுக்கிட்டுவிட்ட கூச்சம் எனக்கு இன்றும் வருகிறது. அவர் புரிந்துகொண்டதிலும் நியாயம் இருக்கிறது. 2012இல் சென்னையில் அன்றாடம் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனது. வெளி மாவட்டங்களில் அதைப்போலப் பல மடங்கு போனது. பேட்டரி வாங்குங்கள் என்று யாரும் யாருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினம் வருகிற தொல்லைக்கு நாம் கடன் வாங்கியாவது ஏற்பாடு செய்துகொள்கிறோம். வாழ்நாளில் ஒரே முறை வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகிற ஒன்றைச் சாமியிடம் விட்டுவிடுகிறோம்.

சென்னையில் சிறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. நான்கைந்து மேசை, ஒரு பிரிண்டர், டேலி என்ற கணக்கு மென்பொருள், வரைபடங்கள் நிறைந்த ஒரு ஃபோல்டர். முப்பது வருடத் தொழிலின் ஞாபகம் மொத்தமும் பெரும்பாலும் இவ்வளவுதான். அந்த ஞாபகத்துக்கு எந்த மாதிரி பேக்கப் வாங்கித் தருவது என்பதை என்னைப் போன்றவர்கள் அடிக்கடி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தாளில் எழுதிப் பார்த்தால் அது கடினமே இல்லை. தம் டிஜிட்டல் படங்களைப் பேணிக்காக்க வழி தேடிய பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தம் புத்தகத்தில் சொல்லிப் பரவிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி வேண்டும், அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். மூன்று விரலை மடக்கிச் சொல்லிவிடலாம். முதல் இரண்டு விரலை மடக்கும்வரை எதிரில் இருப்பவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். மூன்றாவதை மடக்கும்போதுதான் முகம் மாறும். "வேற இடம்னா?" என்பார்.

வேறு இடம் என்றால் என்ன என்பதை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்காரருக்கும் எனக்கும் 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி இரவு சொல்லிக்கொடுத்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றின் கரைகளைத் தாண்டியபோது அந்தப் பகுதியில் பலருக்கும் மாடிக்கு ஓடத்தான் நேரம் இருந்தது. ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியாமல், 1878இல் தொடங்கிய தி ஹிந்து நாளிதழே மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. ஐந்தாறு நாள் கழித்து நான் போனபோது, பட்டறைச் சுவரில் நெஞ்சுயரத்துக்கு ஒரு சேற்றுக்கோடு இருந்தது. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நாலு சுவரையும் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடியது. உரிமையாளர் வாசலில் கவிழ்த்த டிரம் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். லேத்தைப் பற்றி அவருக்குப் பெரிய கவலையில்லை, பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டிவிடலாம் என்றார். கம்ப்யூட்டரைப் பற்றியும் கவலையில்லை. "அது போனா போகட்டும் தம்பி. நீங்க சொன்ன மாதிரியே காப்பி எடுத்து பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்லி, இடுப்புச் சாவியால் பீரோவின் லாக்கரைத் திறந்தார். முதலில் தண்ணீர் வந்தது. அப்புறம் நிலப்பத்திரம், இறந்துபோன மனைவியின் நகைப்பெட்டி, ஒரு மஞ்சள் பை. பைக்குள் நான் வாங்கிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்.

கம்ப்யூட்டர் மேசைக்கும் அந்த பீரோவுக்கும் இரண்டு முழ தூரம் இருக்கும். எங்கே வைக்க வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேனா என்பது எனக்கு இன்றுவரை நினைவில்லை. சொல்லியிருந்தாலும், போகிற போக்கில், பில்லில் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் சொல்லியிருப்பேன். அவர் செய்தது கவனக்குறைவு அல்ல. அதற்கு நேர் எதிரானது. தமக்குத் தெரிந்த பத்திரமான இடங்களிலெல்லாம் மிகப் பத்திரமான இடத்தில் அதை வைத்திருந்தார். மருமகள் அந்த டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப்போய், நனைந்த செல்போனுக்குச் செய்வதுபோல, அரிசிப் பானைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்திருந்து என்னிடம் கொடுத்தார். நனைந்த டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுத் தருகிற இடம் ஒன்றில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகைக்குப் புது டிஸ்க்கே பத்து வாங்கலாம். கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. பேரேடாக இருந்திருந்தால் வெயிலில் விரித்துப் போட்டிருக்கலாம். மை பரவினாலும் பாதியாவது தேறியிருக்கும். பாதி தேறுவது என்ற சலுகை இந்தக் கருப்புப் பெட்டியிடம் கிடையாது.

பிறகு அவர் செய்ததுதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. தாம் ஜாப் ஒர்க் செய்து கொடுத்த கம்பெனிகளின் படிகளில் ஏறி, தம்முடைய பில்களின் நகலைத் தமக்கே தரும்படி கேட்டார். அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருந்த அந்த அலுவலகங்களின் கோப்புகளில் அவருடைய கணக்கு ஏறக்குறைய முழுவதும் இருந்தது. வரைபடங்களில் பாதியைப் பழைய டர்னர் ஒருவர் கையில் பீஸை வைத்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து அளவு சொல்ல, மறுபடி வரைந்தார்கள். ஆக, அவருக்கு எட்டத்தில் ஒரு பிரதி இருக்கத்தான் செய்தது. அதை அவரும் ஏற்பாடு செய்யவில்லை, நானும் விற்கவில்லை. பத்து வருடம் சொன்ன தேதியில் சரக்கு கொடுத்த மனிதர் என்பதால், கேட்ட இடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள்.

நமக்கு அருமையானதை நாம் கிட்ட வைத்துக்கொள்கிறோம். பாட்டி நெல்குதிருக்குள் நகையை ஒளித்தாள். அப்பா பத்திரத்தைத் தலைமாட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தார். நாம் ஹார்ட் டிஸ்க்கை லாக்கரில் வைக்கிறோம். பாதுகாப்பு என்றால் கைக்கெட்டும் தூரம் என்பது தலைமுறை தலைமுறையாக நம் உடம்பில் ஊறிய அறிவு, திருடனை மனத்தில் வைத்துப் பார்த்தால் அது சரியான அறிவும்கூட. ஆனால் தண்ணீரும் தீயும் திருடனைப்போல் ஒன்றை மட்டும் தேடி எடுப்பதில்லை. அசலுக்கு வருவது பிரதிக்கும் வரும் என்றால் அது பிரதியே அல்ல, அசலின் இன்னொரு பாதி. பிரியமானதைக் கண்ணில் படாத இடத்துக்கு, உன் கையில் இல்லாத ஒரு சாவியின் பொறுப்புக்கு அனுப்பு என்று ஒருவரிடம் கேட்பது, சாதனம் வாங்கச் சொல்வதைவிடப் பெரிய கோரிக்கை. அதை நாங்கள் விலைப்பட்டியலின் நான்காவது வரியாக எழுதிக் கொடுக்கிறோம்.

அந்த விலைப்பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பிழைப்பும் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வெளி டிஸ்க் கிடைக்கும். அதில் எனக்கு மிஞ்சுவது டீச்செலவு. இரண்டு டிஸ்க் பூட்டிய நாஸ் என்கிற சேமிப்புப் பெட்டி விற்றால் கொஞ்சம் நிற்கும். பச்சை விளக்கு எரிகிற கனமான பெட்டி ஒன்று மூலையில் உட்கார்ந்திருப்பது வாங்குகிறவருக்கும் நிறைவாக இருக்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க ஒரு முகம் வேண்டுமல்லவா. ஆனால் அந்தப் பெட்டி இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதுகிறது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். கூகுள் டிரைவ் மாதிரியானவற்றில் போட்டுவைத்தால் போதாதா என்று மகன்மார் கேட்கிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழிவதுதான் அதன் இயல்பு. முப்பது நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். போன வருடத்துக் கணக்கு காணாமல்போனது ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியவரும். அவர் முப்பது நாளுக்குள் கேட்பது அபூர்வம். டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு 2017 மே 12இல் கிளம்பிய வான்னாக்ரை ஒரு பாடம் சொன்னது. பூட்டுப்போட்டு முந்நூறு டாலர் கேட்ட அந்த வைரஸ், கம்ப்யூட்டரோடு சேர்ந்து கிடந்த டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது என்பதும் உண்மை, அப்டேட் போட்டால் மெஷின் மெதுவாகிவிடும் என்று அதை நிறுத்தி வைத்திருந்த பட்டறைகளை நான் அறிவேன் என்பதும் உண்மை.

ஆகவே பழைய பிரதிகளையும் அழிக்காமல் அடுக்கிவைக்கிற, வெளியூர் சர்வரில் இருக்கிற, மாதச் சந்தா கட்டுகிற ஏற்பாடுதான் ஒழுங்கானது என்று முடிக்கலாம். முடித்துப் பார்த்திருக்கிறேன். அரை டெராபைட் வரைபடங்களை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் மேலே அனுப்ப இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அது போகட்டும், ஒரு முறைதான். மாதாமாதம் கட்டுவதுதான் கசக்கிறது. போன வருடம் எதுவும் நடக்கவில்லையே, அப்படியென்றால் கட்டிய பணம் எதற்கு என்று கேட்கிறார்கள். எதுவும் நடக்காததற்குத்தான் பணம் என்று நான் பதில் சொன்னால், அது சாமியாரிடம் கேட்க வேண்டிய பேச்சு மாதிரி இருக்கிறது.

"அந்த கிளவுட் எங்க இருக்கு?" என்று ஒரு முறை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மேகம் என்று பெயர் வைத்ததால் அது தரையில் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று 2021 மார்ச் 10இல் எரிந்து போனபோது, காப்புப் பிரதிக்கென்று தனியே பணம் கட்டியிருந்த சிலர், தங்கள் பிரதியும் அசல் இருந்த அதே வளாகத்தில் இருந்ததைச் சாம்பலான பிறகு தெரிந்துகொண்டார்கள். அங்கேயும் பீரோ, மேசைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

ஆனால் அன்று அவர் கேட்டதன் பொருள் வேறு. எங்கே இருக்கிறது என்பதைவிட, யார் கண்ணில் படும் என்பதே அவர் கவலை. நம் வழக்கில் நகல் என்பது எப்போதும் ஒரு சாட்சி. ஒரு பத்திரத்தின் நகல் இன்னொருவர் கையில் இருக்கிறது என்றாலே வயிற்றில் ஏதோ அசைகிறது. நம் ஊரில் சில கணக்குகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உருவம் உண்டு என்பது யாருக்கும் நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. ஒரே கணக்கை மூன்று இடத்தில் வைக்கச் சொல்கிறேன் நான். மூன்று கணக்கை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார் அவர். தொலைந்துவிடுமோ என்ற பயமும் தொலையாமல் இருந்துவிடுமோ என்ற பயமும் ஒரே மனிதருக்குள், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது, எந்த பேக்கப் நல்லது என்ற தொழில்நுட்ப ஆலோசனைக்கு அங்கே இடமில்லை. இப்படிப்பட்டவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர்கள், தீபாவளிக்கு முன் போனஸ் கொடுக்கத் தம் நகையை அடகு வைத்தவர்கள். தாங்கள் நேர்மையாக இருந்தால் பிழைக்க முடியாது என்று நம்பவைக்கப்பட்டவர்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பது வேறு வழக்கு.

சட்டம் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் தங்கள் மின்னணுக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும். அவ்வப்போது என்றிருந்தது, 2022 ஆகஸ்டிலிருந்து தினமும் என்று மாறியிருக்கிறது. தனிமனிதர் பெயரில் நடக்கும் பட்டறைக்கும் கூட்டாளிகள் நடத்தும் அச்சகத்துக்கும் இந்தக் கம்பெனி விதி பொருந்தாது. எனக்குப் படியளப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

தினமும் எடுப்பது என்றதும் எனக்கு ஓர் அச்சகத்தின் கணக்குப்பிள்ளை நினைவுக்கு வருகிறார். மாலை ஆறரைக்கு டேலியை மூடிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகி, திரையில் ஒன்றைத் தொட்டு காப்பி எடுத்து, அதில் ஒட்டுவார். ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். ஆம் என்று அழுத்துவார். பென் டிரைவைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். நாலு வருடம் ஒரு நாள் தவறவில்லை. யாரும் மடக்கத் தயங்குகிற மூன்றாவது விரலை அவர் தாமாகவே மடக்கியிருந்தார். அச்சகத்து டிஸ்க் ஒரு நாள் செத்தது. அவர் பெருமையோடு நீட்டிய பென் டிரைவை நான் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு, இரண்டு கிலோபைட், ஓரத்தில் வளைந்த அம்புக்குறி. நாலு வருடமும் அவர் பிரதியெடுத்தது டேலியின் ஷார்ட்கட்டை. கணக்கு இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்கிற ஒரு சீட்டு அது; அந்த இடம் இப்போது இல்லை.

முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பென் டிரைவ் பழுதாகிவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய்க்காக நான் வருந்தியதில்லை. எனக்கு முன்பு அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன், டீ ஆறுவதற்குள், "இதைத் தொட்டு இப்படி காப்பி பண்ணுங்க சார்" என்று விரலால் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பையனாக நானும் பல இடங்களில் இருந்திருப்பேன். நாலு வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்த பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருந்தால் போதும். அதற்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால் யாரும் திறக்கவில்லை. படித்தவர்கள் இதில் தப்பிவிடுவார்கள் என்றும் இல்லை. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் வேலையை ஒப்படைத்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் போனது. பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் ஐந்தும் ஏதோவொரு வகையில் உதவவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறெதற்கோ கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் ஊரறியச் சொன்னார்கள். அதற்கு ஒரு துணிவு வேண்டும். பென் டிரைவ் பழுது என்று சொன்னவனுக்கு அது தெரியும்.

இத்தனை வருடத்தில் எனக்கு மெல்ல மெல்லத் தெரிந்தது, நாம் பொருளை மட்டும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பது. ஒரு பட்டறையின் கணக்கு ஒரே அக்காவின் தலையில் இருக்கிறது. வங்கி விவகாரம் ஒரே மகனின் செல்போனில் இருக்கிறது. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் கடன் என்பது முதலாளியின் நாக்கில் இருக்கிறது. ஒருவருக்கு டைஃபாய்டு வந்தால் பதினைந்து நாள் பில் போகாது. இதை நாம் விசுவாசம் என்றும் நம்பிக்கை என்றும் அழைக்கிறோம். அப்படி அழைப்பதில் பொய்யும் இல்லை. ஆளை நம்பி வாழ்வதால்தான், அந்த ஆளுக்கு இன்னொரு பிரதி வேண்டும் என்று சொல்வது அவரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடுகிறது. இது ஏழைப் பட்டறையின் குணம் மட்டுமல்ல. தென் கொரிய அரசு தன் ஊழியர்களின் கோப்புகளைத் திரட்டி வைத்திருந்த ஜி-டிரைவ் 2025 செப்டம்பர் 26இல் தேஜான் நகரத் தரவு மையத் தீயில் போனது. 858 டெராபைட். மிகப் பெரியதாக இருந்ததால் அதற்கு வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லை என்றார்கள். தீ எங்கே தொடங்கியது என்று படித்தபோது என் வாடிக்கையாளர்களின் கால்விரல்கள் கண்முன் வந்தன. யு.பி.எஸ். பேட்டரிகளை இடம் மாற்றும்போது.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை இப்போதும் நடக்கிறது. பீரோவை மாற்றிவிட்டார்கள், சேற்றுக்கோட்டின்மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் மழைநாளில் அது லேசாகத் தெரிகிறது. மாதச் சந்தா வேண்டாம் என்று அவர் உறுதியாக இருந்ததால், நெடுநேரம் பேசி, பழைய வழி ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு டிஸ்க். ஒன்று பட்டறையில் வாரம் முழுக்கப் பிரதி எடுக்கும்; சனிக்கிழமை மாலை அது வெளியே போய், வெளியே இருந்தது திங்கட்கிழமை உள்ளே வரும். சிறந்த ஏற்பாடு இது என்று சொல்ல மாட்டேன். ஒரு வார வேலை போகலாம். ஆனால் அவரால் கைவிடாமல் செய்யக்கூடியது இதுதான். எந்தப் பட்டியலிலும் முதலிடத்தில் இருப்பதைவிட, செய்யப்படுகிற ஏற்பாட்டின் பக்கம் சாய நான் எப்போதோ பழகிவிட்டேன்.

யார் எடுத்துப் போவது என்பதில்தான் நின்றது. மகன் வீடு மணப்பாக்கத்தில், அதே ஆற்றின் கரையில். கணக்கு பார்க்கும் அக்கா செங்கல்பட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வந்துபோகிறவர், கிண்டியில் இறங்கி நடந்து வருகிறவர். 22 வருடமாகக் கல்லாப்பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஆனாலும் முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் திறக்க முடியாதபடி செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியும் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் தூக்கிட்டு மட்டும் போகணும், உள்ள பார்க்கக்கூடாது. அவ்ளோதானே சார்?" என்றார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணும் அவர் விரலால் தட்டியது. அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலாளி பாஸ்வேர்டை யோசித்து யோசித்து ஒன்று சொன்னார். மறந்துபோய்விடும் என்று அதைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிவைக்கச் சொன்னார். எழுதியது அக்கா. ஒவ்வொரு ஜனவரியிலும் புதுக் காலண்டர் வந்ததும், பழைய அட்டையைத் திருப்பிப் பார்த்து, புது அட்டையின் பின்னால் அதை அவர் பெயர்த்து எழுதுகிறார். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகுதான் பழையதைக் கிழிக்கிறார். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று தோன்றும்.

மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, என் பழைய லேப்டாப்பில் அந்த டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறேன், ஆண்டுப் பராமரிப்புத் தொகைக்குள் அதை எழுதாமல் நுழைத்திருக்கிறேன். போன முறை முதலாளியையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஏதாவது ஒரு பழைய பில் சொல்லுங்கள் என்றேன். 2019 ஆடி மாதம் போட்ட ஒரு பில்லைச் சொன்னார், தேதி நினைவில்லை, புஷ் செய்து கொடுத்தது, அறுநூறு பீஸ். மீட்டெடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அவர் எழுந்து போய் மெஷினைப் பார்த்துவிட்டு வந்தார், டீ சொன்னார், மறுபடி உட்கார்ந்தார். பில் திறந்தது. கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் பீஸ் எண்ணிக்கையைப் பார்த்தார், தொகையைப் பார்த்தார். தம் கம்ப்யூட்டரிலும் அதே பில்லைத் திறக்கச் சொல்லி அதையும் பார்த்தார்.

"அங்க இருக்கிறதேதானே இங்கயும் இருக்கு?" என்றார், இவ்வளவு நேரம் காத்திருந்தது இதற்குத்தானா என்பதுபோல.

"ஆமா சார். அதேதான்."

அக்கா டிஸ்க்கைக் கழற்றி, சின்னத் துண்டு ஒன்றில் சுற்றி, கழுவிய டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே பையில் வைத்தார். செங்கல்பட்டு வண்டிக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.